துப்பாக்கிக்கு உரிமம் உண்டு. எல்லை தாண்ட அனுமதி இல்லை!

புது தில்லி: நொய்டாவிலிருந்து யமுனைப் பாலத்தைக் கடந்து தில்லிக்குள் நுழையச் சில நிமிடங்கள் போதும். அந்தச் சில நிமிடங்களுக்குள், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழும் ஒருவர் ஆயுதச் சட்டத்தின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டவராகிவிட முடியும்.

உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்ற ஒரு வணிகரின் இடுப்பில் கைத்துப்பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலைய விசாரணை, மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல், பயிற்சிச் சான்று அனைத்தையும் முறைப்படி முடித்தவர் அவர். ஆனால், உரிமப் புத்தகத்தில் "செல்லுபடியாகும் பகுதி" என்ற இடத்தில் உத்தரப் பிரதேசம் என்று மட்டுமே எழுதப்பட்டுள்ளது. பாலத்தின் மறுமுனையில் தில்லி காவல் துறை அவரைச் சோதனையிட்டால், அந்தப் புத்தகம் அவரைக் காப்பாற்றாது.

நாடு முழுமைக்கும் ஒரே ஆயுதச் சட்டம்தான் உள்ளது. ஆயினும், அதன்கீழ் வழங்கப்படும் உரிமம் மாநில எல்லைக்கு உட்பட்டது. சில வேளைகளில் மாவட்ட எல்லைக்கே உட்பட்டது. யாருக்கு உரிமம், எவ்வளவு காலத்தில், எந்த எல்லை வரை என்பதையெல்லாம் நடைமுறையில் தீர்மானிப்பது மாவட்ட ஆட்சியரின் அல்லது பெருநகரக் காவல் ஆணையரின் மேசைதான். உரிமம் வைத்திருப்போரின் மனக்குறைகளும், உரிமம் வழங்குவதில் நடந்த முறைகேடுகளும் அங்கேதான் பிறக்கின்றன.

உரிமையா, சலுகையா?

சிப்பாய்ப் புரட்சியின் நினைவு மறையாத காலத்தில், 1878-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அவருடைய காலத்தில் அதே ஆண்டில்தான் வந்தது. இந்தியர்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு உண்டு. இந்தப் பாரபட்சம் விடுதலை இயக்கத்தைப் பல ஆண்டுகள் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய அந்தச் சட்டத்தை, பிரிட்டிஷ் ஆட்சியின் தீமைகளுள் மிகக் கொடியதாக வரலாறு கருதும் என்ற பொருளில் எழுதியவர், அகிம்சையைப் போதித்த மகாத்மா காந்தியே.

1931-இல் கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம்பெற்றது. ஆனால், அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் எச்.வி. காமத் இதை அடிப்படை உரிமைகளுள் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தபோது, அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பிரிவினையின் வன்முறையைக் கண்டு ஓராண்டே கழிந்திருந்த சபையில் அந்தத் திருத்தம் தோற்றதில் வியப்பில்லை.

எனவே, குடியரசு இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமையாகவில்லை. 1959-இல் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுதச் சட்டம் ஒரு நடுவழியைத் தேர்ந்துகொண்டது. தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு ஆகியவற்றுக்காகச் சட்டத்தை மதிக்கும் குடிமக்கள் உரிமத்துடன் ஆயுதம் வைத்திருக்கலாம் என்பதே அதன் நோக்கம். போதிய சொத்து இல்லை என்ற காரணத்தை மட்டும் கூறி ஒருவருக்கு உரிமத்தை மறுக்கக் கூடாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. சட்டத்தின் நோக்கம் இது. நடைமுறை வேறு.

விண்ணப்பத்தின் பயணம்

2016-இல் பழைய விதிகளுக்குப் பதிலாகப் புதிய ஆயுத விதிகள் வந்தன. அவற்றின்படி, விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வீட்டில் அதைப் பத்திரமாக வைக்க வசதி இருக்க வேண்டும். காவல் துறை முப்பது நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்ற காலவரையறையும் உண்டு. மறுப்பதாக இருந்தால், பொது நலன் கருதி வெளியிட இயலாதவை தவிர, காரணத்தை எழுத்தில் பதிவு செய்து விண்ணப்பதாரருக்குத் தர வேண்டும். மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமம் கிடைத்த பிறகும் கட்டுப்பாடுகள் தொடர்கின்றன. எத்தனை தோட்டாக்கள் வாங்கலாம் என்பது உரிமத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். 9 மி.மீ., .38, .455, .303 போன்ற அளவுகள் படையினருக்கும் காவல் துறைக்கும் உரியவை என்பதால் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்டவை. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லக் கூடாது. உறையிலிட்டு, முழுவதும் மறைத்தே கொண்டுசெல்ல வேண்டும்.

ஒவ்வோர் உரிமதாரரின் விவரமும் மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டு, தனி அடையாள எண் வழங்கப்பட வேண்டும். எண் பெறாத உரிமம் செல்லாது. இதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டு 2020 வரை சென்றது. தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கியையும் பழுப்பேறிய உரிமப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டிருந்த கிராமத்து முதியவர்களுக்கு, கணினியில் ஏறும் அந்த எண்ணைப் பெறுவது எளிதாக இருந்திருக்காது.

எல்லைக் கோடுகளின் சிக்கல்

ஒருகாலத்தில் மாநில அரசுகளே தாராளமாக "இந்தியா முழுவதும்" என்று உரிமத்தை விரிவுபடுத்தி வந்தன. 2010-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அதற்குக் கடிவாளமிட்டது. மாநில அரசுகள் அதிகபட்சம் மூன்று அண்டை மாநிலங்கள் வரை மட்டுமே எல்லையை விரிவுபடுத்தலாம். நாடு முழுவதும் செல்லுபடியாகும் உரிமம், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், படையினர், நாட்டின் எந்தப் பகுதியிலும் பணியாற்ற வேண்டிய அதிகாரிகள், துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கே என்று வரையறுத்தது.

பாதுகாப்பு நோக்கில் இது நியாயமானதே. ஆனால், தலைநகரைச் சுற்றியுள்ள நிலவியல் இந்த விதிக்கு ஒத்துழைப்பதில்லை. குருகிராமம் ஹரியாணாவில் உள்ளது. காஜியாபாதும் நொய்டாவும் உத்தரப் பிரதேசத்தில் உள்ளன. இவற்றுக்கும் தில்லிக்கும் இடையே வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடைவெளியே இல்லை. காலையில் ஒரு மாநிலத்தில் கண்விழித்து, மற்றொன்றில் தொழில் செய்து, மூன்றாவதில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்வோர் ஏராளம்.

இதன் விளைவைத் தில்லி விமான நிலையத்தில் காணலாம். பயணியின் கைப்பையின் மூலையில் எப்போதோ விழுந்து கிடந்த ஒற்றைத் தோட்டா, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினரின் ஊடுகதிர்ச் சோதனையில் சிக்குகிறது. வழக்குப் பதிவாகிறது. அந்தப் பயணி பஞ்சாபிலோ உத்தரப் பிரதேசத்திலோ உரிமம் பெற்றவராக இருப்பார். அல்லது தந்தையின் பையை அவசரத்தில் எடுத்து வந்த மகனாக இருப்பார். தன்னிடம் ஆயுதம் இருப்பதை ஒருவர் அறிந்தே வைத்திருந்தால்தான் அது குற்றமாகும் என்பதை உச்ச நீதிமன்றம் 1972-இலும், மீண்டும் 1994-இலும் தெளிவுபடுத்தியுள்ளது. அந்த அடிப்படையில், துப்பாக்கியின்றித் தோட்டா மட்டும் கிடைத்த வழக்குகள் பலவற்றைத் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துள்ளது. ஆனால், அந்தத் தீர்ப்பைப் பெறும் வரை விமானமும் தவறிப்போகும். வழக்குரைஞர் கட்டணமும், வழக்கு நிலுவையில் உள்ளவர் என்ற பெயரும் வந்து சேரும்.

நாட்டுக்காகச் சுடுபவர்களும் தப்புவதில்லை. 2021 பிப்ரவரியில் போபாலுக்குப் புறப்பட்ட வீராங்கனை மனு பாக்கர், உரிய ஆவணங்கள் இருந்தும் போட்டித் துப்பாக்கிகளுடன் தில்லி விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டதாக வெளிப்படையாகப் புகார் கூறினார். அப்போதைய விளையாட்டுத் துறை அமைச்சர் கிரண் ரிஜிஜு தலையிட்ட பிறகே அவர் விமானம் ஏற முடிந்தது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்களை வென்றவர் அவர். அமைச்சரை எட்ட முடியாத இளம் வீரர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

ஆட்சியரின் மேசை

மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016 டிசம்பர் 31 நிலவரத்தில் நாட்டில் நடைமுறையில் இருந்த உரிமங்கள் 33.69 லட்சம். அவற்றுள் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். அதற்கு அடுத்த இடம் ஜம்மு-காஷ்மீருக்கு, 3.69 லட்சம். பஞ்சாபில் 3.59 லட்சம், மத்தியப் பிரதேசத்தில் 2.47 லட்சம். தமிழகத்தில் ஏறத்தாழ 22,500 உரிமங்களே இருந்தன. மக்கள்தொகையில் உத்தரப் பிரதேசம் தமிழகத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்குதான். துப்பாக்கி உரிமத்தில் ஐம்பது மடங்குக்கும் மேல்.

இந்த வேறுபாட்டைக் குற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. மத்தியப் பிரதேசத்தின் பிண்டு, முரைனா, குவாலியர் பகுதிகளில் தோளில் தொங்கும் துப்பாக்கி தற்காப்புக்கான கருவி மட்டுமன்று. குடும்ப கௌரவத்தின் அடையாளம். சம்பல் பள்ளத்தாக்கில் கொள்ளையர் கூட்டங்கள் ஓய்ந்த பின்னரும் அந்த மோகம் ஓயவில்லை.

அந்த மோகத்தை மாவட்ட நிர்வாகங்களே பயன்படுத்திக்கொண்ட கதைகள் உண்டு. 2008-இல் சிவபுரி மாவட்டத்தில், கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஆண்களுக்குத் துப்பாக்கி உரிமத்தில் முன்னுரிமை என்று அறிவிக்கப்பட்டது. 2019-இல் குவாலியரில், உரிமம் கேட்பவர் பத்து மரக்கன்றுகளை நட்டு, அதற்கு ஆதாரமாகப் படமும் எடுத்து அளிக்க வேண்டும் என்றார் ஆட்சியர். அதே ஆண்டின் குளிர்காலத்தில் பசுக் காப்பகத்துக்குக் கம்பளி தர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

மரம் நடுவதும் பசுவைக் காப்பதும் நல்ல காரியங்கள். ஆனால், ஒருவர் கையில் துப்பாக்கியைத் தரலாமா என்ற கேள்விக்கும் அவர் நட்ட மரத்துக்கும் என்ன தொடர்பு? உயிருக்கு ஆபத்து உள்ளதா, மனநிலை சீராக உள்ளதா, குற்றப் பின்னணி உண்டா என்று ஆராய வேண்டிய இடத்தில், அதிகாரியின் விருப்பம் நிபந்தனையாகிவிடுகிறது.

விருப்பம் விற்பனைப் பொருளானால் என்ன ஆகும் என்பதை ஜம்மு-காஷ்மீர் காட்டியது. 2017-இல் ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் படை ஒரு கும்பலைப் பிடித்தபோது, காஷ்மீரில் பணிபுரியும் படையினர் என்று போலி ஆவணம் காட்டி உரிமங்கள் பெறப்பட்டது வெளிவந்தது. மறு ஆண்டு விசாரணை சிபிஐ வசம் சென்றது. 2012 முதல் 2016 வரை அந்த மாநிலத்தில் தகுதியற்றோருக்கு வழங்கப்பட்ட உரிமங்கள் 2.78 லட்சத்துக்கும் மேல் என்று சிபிஐ கூறியது. துப்பாக்கி விற்பனையாளர்கள் மட்டுமின்றி, மாவட்ட நிர்வாகப் பொறுப்பில் இருந்த இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளும் கைது செய்யப்பட்டனர். உண்மையான தேவை உள்ளவர் காவல் நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அலைந்துகொண்டிருந்த காலத்தில், பணம் உள்ளவருக்கு உரிமம் கிடைத்தது என்பதே குற்றச்சாட்டின் சாரம்.

மணப்பந்தலில் பாயும் தோட்டா

உரிமதாரர்கள் அனைவரும் அப்பாவிகள் என்றும் சொல்லிவிட முடியாது. வட மாநிலத் திருமணங்களில் வானத்தை நோக்கிச் சுடுவது நெடுநாள் வழக்கம். 2016 நவம்பரில் ஹரியாணாவின் கர்னாலில் ஒரு திருமணத்தில் சாமியாரிணி ஒருவரும் அவருடைய பாதுகாவலர்களும் சுட்டதில் மணமகனின் உறவுப் பெண் உயிரிழந்தார். அடுத்த மாதமே பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்தில், திருமண மேடையில் ஆடிக்கொண்டிருந்த இளம்பெண் குண்டு பாய்ந்து மேடையிலேயே விழுந்தார். 2018-இன் கடைசி இரவில் தெற்குத் தில்லிப் பண்ணை வீடு ஒன்றில் புத்தாண்டை வரவேற்கச் சுட்டபோது, பெண் கட்டடக் கலைஞர் ஒருவரின் தலையில் குண்டு பாய்ந்தது; சில நாள்களில் அவர் இறந்தார்.

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆயுதச் சட்டத் திருத்தம், கொண்டாட்டத்துக்காகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பதைத் தனிக் குற்றமாக்கியது. இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 1983-இல் மூன்று துப்பாக்கிகள் என்று வரையறுக்கப்பட்ட உச்சவரம்பு இரண்டாகக் குறைந்தது. முதலில் ஒன்று என்றே அரசு முன்மொழிந்தது. எதிர்ப்பு எழவே இரண்டாயிற்று. கூடுதல் துப்பாக்கியை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அதே வேளையில், உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது உரிமதாரர்களுக்கு ஆறுதல்.

பஞ்சாப் அரசு இன்னும் ஒரு படி மேலே சென்றது. பாடகர் சித்து மூசேவாலா 2022 மே 29 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர், அவ்வாண்டு நவம்பரில் முதல்வர் பகவந்த் மான் அரசு, மாநிலத்தின் அனைத்து உரிமங்களையும் மூன்று மாதங்களுக்குள் மறு ஆய்வு செய்ய ஆணையிட்டது. துப்பாக்கியைப் புகழும் பாடல்களுக்கும், சமூக ஊடகங்களில் துப்பாக்கியுடன் படம் வெளியிடுவதற்கும் தடை வந்தது. ஆனால், மூசேவாலாவைக் கொன்ற கும்பலிடம் இருந்தவை உரிமம் பெற்ற துப்பாக்கிகள் அல்ல. உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது கொல்லப்பட்டவரிடம்தான்.

தேர்தல் வந்தால் ஒப்படைப்பு

உரிமதாரர்கள் அடுக்கும் மற்றொரு குறை, தேர்தல்தோறும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருப்பது. மக்களவை, சட்டப்பேரவை, உள்ளாட்சி என்று தேர்தல்கள் மாறி மாறி வரும் நாட்டில், தற்காப்புக்கென வாங்கிய ஆயுதம் அடிக்கடி வீட்டை விட்டு வெளியேறுகிறது. காட்டுப்பன்றியும் நீலான் மான்களும் வயலில் இறங்கும் பருவத்தில் தேர்தல் வந்தால், பயிரைக் காக்கத் துப்பாக்கி வாங்கிய விவசாயிக்கு அது பயன்படுவதில்லை.

அனைவரும் ஒப்படைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையம் கூறவில்லை. ஒவ்வொருவரின் பின்னணியையும் பரிசீலனைக் குழு ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்பதே முறை. எனினும், ஆராய்வதைவிட அனைவரையும் அழைப்பது காவல் நிலையங்களுக்கு எளிதாக இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலை ஒட்டி, அலாகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு இதைக் கண்டித்தது. காரணம் குறிப்பிடாமல், பொத்தாம்பொதுவான ஆணையின் பேரில் உரிமதாரரைத் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கு நடுவே, ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிமமே தேவையில்லை. காவிரி பிறக்கும் குடகு மண்ணின் கொடவர்களுக்கும், அங்கு "ஜம்மா" நில உரிமை பெற்றவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே விலக்கு உண்டு. குழந்தை பிறந்தாலும் துப்பாக்கி முழங்கும். ஒருவர் இறந்தாலும் முழங்கும். கைல்போது திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குவர். 2019-இல் மத்திய அரசு இந்த விலக்கை 2029 அக்டோபர் 31 வரை நீட்டித்தது. இது சமத்துவத்துக்கு எதிரானது என்று தொடரப்பட்ட வழக்கை 2021-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கணக்கில் வராத துப்பாக்கிகள்

துப்பாக்கியால் நிகழும் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமற்ற ஆயுதங்களால் நிகழ்பவை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டிவருகின்றன. "கட்டா" என்று வட மாநிலங்களில் அழைக்கப்படும் நாட்டுத் துப்பாக்கிக்கு விண்ணப்பம் வேண்டாம், பயிற்சிச் சான்று வேண்டாம், எல்லையும் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்க நவாப் மீர் காசிம் ஆயுதப் பட்டறை அமைத்த பிகாரின் முங்கேரில், உரிமம் பெற்ற தொழிற்கூடங்கள் ஒருபுறம் நலிந்துகொண்டிருக்க, கள்ளத் துப்பாக்கித் தொழில் மறுபுறம் செழித்தது. கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென 2014-இல் வெளியிட்ட "நிர்பீக்" சுழல் துப்பாக்கியின் விலை அப்போது 1.22 லட்சம் ரூபாயாக இருந்தது. கள்ளச் சந்தையில் ஒரு கட்டா சில ஆயிரங்களுக்குக் கிடைத்துவிடும்.

2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், உரிமமற்ற துப்பாக்கிகளின் பெருக்கத்தைத் தானாகவே கவனத்தில் எடுத்துக்கொண்டது. அமெரிக்காவைப் போல ஆயுதம் ஏந்துவதை நம் அரசியல் சட்டம் அடிப்படை உரிமையாக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, சட்டவிரோத ஆயுதங்களுக்கு எதிராக எடுத்த நடவடிக்கைகளைத் தெரிவிக்குமாறு மாநில அரசைப் பணித்தது.

துப்பாக்கி உரிமம் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் ஒருபுறம். அறவே கூடாது என்பவர்கள் மறுபுறம். மணப்பந்தலில் மகளைப் பறிகொடுத்த குடும்பத்திடம் முதல் தரப்பின் வாதம் எடுபடாது. காவல் நிலையத்திலிருந்து பல கல் தொலைவில், பகைவரின் மிரட்டலுக்கு நடுவே வாழ்பவரிடம் இரண்டாம் தரப்பின் வாதம் எடுபடாது. இருவருக்கும் நியாயம் செய்யக்கூடிய விதிகள் ஏற்கெனவே ஏட்டில் உள்ளன. உரிய காலத்தில் அறிக்கை, காரணம் கூறும் ஆணை, பயிற்சி, நாடு முழுவதற்குமான தரவுத்தளம் ஆகிய அனைத்தும் உள்ளன.

அவற்றை மாவட்ட அலுவலகங்கள் பின்பற்றுகின்றனவா என்று கண்காணிக்கும் ஏற்பாடுதான் இல்லை. அதுவரை, அரசிடம் பெயரும் முகவரியும் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியவரைச் சட்டம் எளிதாகக் கண்டுபிடிக்கும். யாரிடமும் சொல்லாமல் வாங்கியவர் அதே யமுனைப் பாலத்தைக் கடந்து போய்க்கொண்டிருப்பார்.